வெள்ளியங்கிரி: சித்திரைக் கடைசியில ஏறலாமுங்களா? மழை புடிச்சா எங்க நிக்கறது, எங்க திரும்பறது?

பெருந்துறைக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. மே முதல் வாரத்துல ஒரு சனிக்கிழமை ராத்திரி, கோயமுத்தூருக்கு மேக்கால ஏழு மலை தாண்டிப் போற வெள்ளியங்கிரி சிவன் கோயிலுக்கு ஏறலாம்னு இருக்கோம். மொத்தம் நாலு பேரு. ரெண்டு பேருக்கு முப்பது வயசுக்குள்ள, மாமாவுக்கு 46, அப்பாவுக்கு 58. இதுக்கு முன்ன யாரும் ஏறினதில்லைங்க.

எங்க கவலையெல்லாம் மழையைப் பத்தித்தான். ஃபோன்ல பார்த்தா ஒரு நாள் 40 சதவீதம் மழைங்குது, மறுநாள் பார்த்தா வெறும் வெயிலுங்குது. அடிவாரத்துல வானம் தெளிவா இருந்தாலும் அஞ்சாவது மலையில கொட்டும்னு சொல்றாங்க. இதை எப்படிங்க கணிக்கறது? எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிச்சா மழையில மாட்டாம போய்ட்டு வரலாம்? நடுவழியில புடிச்சுக்கிச்சுன்னா ஒதுங்க இடம் இருக்குதுங்களா? ரெயின்கோட்டா, குடையா? ஸ்வெட்டர் வேணுமா? கத்திரி வெயில்ல ஸ்வெட்டரான்னு வீட்டுல சிரிக்கறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை

தம்பி, மலை மேல மழை எப்ப வேணா வரும்னு சொல்றது பாதிதான் உண்மை. கோடை மழைக்கு ஒரு நேரக் கணக்கு இருக்குது. அதைப் புடிச்சுக்கிட்டா பாதிக் கவலை தீரும்.

மார்ச் கடைசியில இருந்து மே நடுப்பகுதி வரைக்கும் அங்க பெய்யறது வெப்பச்சலன மழை. காலையில இருந்து வெயில் தரையைச் சுட வைக்கும். அரபிக்கடல் ஈரக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியாவும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துல இருந்தும் ஏறி வரும். சூடும் ஈரமும் மலைச்சரிவுல முட்டி மேல எழும்பும்போது மதியத்துக்கு மேல மேகம் கோபுரமாட்டக் கட்டும். அதனால இடியும் மழையும் பெரும்பாலும் மதியம் 2 மணியில இருந்து ராத்திரி 9 மணிக்குள்ள. நடுச்சாமத்துக்கு மேல தரை ஆறிப் போனா மேகமும் கலைஞ்சு போகும். விடியக்காலையில இருந்து காலை 11 மணி வரைக்கும் தான் நம்பி நடமாடக்கூடிய நேரம்.

பொழுதோட ஆறு மணிக்கே ஏற ஆரம்பிச்சா வெயில் இல்லைங்கற சுகம் உண்டு. ஆனா மே மாசத்துல இடி நேரத்துல மலைமேல இருப்பீங்க. விடியக்காலை நாலு மணிக்கு ஏறினா, இறங்கும்போது மதியம் ரெண்டு மணி, மறுபடியும் இடி நேரம். உங்களுக்குத் தோதான நேரம் ராத்திரி 10 மணிக்கு மேலதான். போக ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல ஏற்றம். முதல் தடவை ஏறறவங்க, அதுலயும் அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போறவங்க, ஏற ஆறு ஏழு மணி நேரம், இறங்க நாலஞ்சு மணி நேரம் வெச்சுக்கணும். பத்து மணிக்குக் கிளம்பினா அஞ்சு மணி சுமாருக்கு மேல இருப்பீங்க. மே மாசம் சூரியன் ஆறு மணிக்கெல்லாம் வந்துரும். ஏழு மணிக்கு இறங்க ஆரம்பிச்சா பன்னெண்டுக்குள்ள அடிவாரம். ஆனா எந்த நேரத்துல மேல விடறாங்கங்கறது அன்னிக்கு வனத்துறை சொல்றதுதான். மழை கடுமையா இருந்தா நிறுத்தியும் வெப்பாங்க. நிறுத்தினா வாதாடாதீங்க, மேல என்ன நெலமைன்னு அவங்களுக்குத்தான் தகவல் வரும்.

இந்த நேரக் கணக்கு உடையற சந்தர்ப்பம் ரெண்டு உண்டு. ஒண்ணு, அரபிக்கடல்லயோ வங்கக்கடல்லயோ காத்தழுத்தத் தாழ்வு இருந்தா நாள் பூரா மப்பு போட்டு, ராத்திரி பகல்னு பார்க்காம பெய்யும். ரெண்டாவது, மே கடைசி. கேரளத்துல பருவமழை தொடங்கறது வழக்கமா ஜூன் 1ஐ ஒட்டி. அதுக்குப் பத்து நாள் முன்னயே மேக்கால இருந்து சாரல் அடிக்க ஆரம்பிச்சிரும். இடி இருக்காது, கொட்டவும் கொட்டாது, ஆனா நிக்காது. உங்களுக்கு மே முதல் வாரம்ங்கறதால ரெண்டாவது பயம் இல்லை. முதலாவதை மட்டும் மூணு நாள் முன்ன இருந்து செய்தியில பாருங்க.

ஃபோன் செயலி சொல்ற சதவீதத்தை நம்பிப் பயனில்லை. அதுல நீங்க பார்க்கறது கோயமுத்தூர் நகரம். நகரத்துல வருஷத்துக்கே 700 மில்லிமீட்டருக்குள்ள தான் மழை. மலையடிவாரக் கணக்கே வேற. அடிவாரத்துல இருக்கற பூண்டின்னு இடத்தை மாத்திப் போட்டாலும், அந்தக் கணிப்பு 10, 20 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்கு ஒரு கணக்குன்னு போடறது. அடிவாரமும் ஏழாவது மலையும் அதுக்கு ஒரே இடம்தான். வானிலைத் துறை மாவட்டத்துக்குத் தர்ற நிற எச்சரிக்கையையும் சரியாப் புரிஞ்சுக்குங்க. மழையளவை வெச்சுப் பார்த்தா மஞ்சள்னா 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டருக்கு மேல, ஆரஞ்சுன்னா 115.6க்கு மேல, சிவப்புன்னா 204.4க்கு மேல. மாவட்டத்துல எங்கயோ ஒரு இடத்துல பெய்யலாம்னுதான் அதுக்கு அர்த்தம். ஆரஞ்சு இருந்தா பயணத்தை மாத்திக்குங்க. பச்சையா இருந்தாலும் ஒரு மணி நேர இடி மழை வரலாம், அது இந்தக் கணக்குல சிக்காது.

அதுக்குப் பதிலா கிளம்பற அன்னிக்கு ரெண்டு பாருங்க. வானிலைத் துறை மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா மாவட்ட வாரியாப் போடற உடனடிக் கணிப்பு; அப்புறம் மழை மேகம் எங்க இருக்குதுன்னு காட்டற கொச்சி ரேடார் படம். மின்னலுக்குன்னே 'தாமினி'ன்னு ஒரு செயலி இருக்குது, புனேவுல இருக்கற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செஞ்சது. சுத்துவட்டாரத்துல 20, 40 கிலோமீட்டருக்குள்ள மின்னல் விழுந்தாக் காட்டும். அடிவாரத்துலயே பார்த்துருங்க, மேல போகப் போக சிக்னலை நம்ப முடியாது.

கல்மூங்கில்

வீட்டுல சிரிக்கறாங்கன்னு ஸ்வெட்டரை விட்டுட்டுப் போயிராதீங்க. ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்துல ராத்திரி 25 டிகிரின்னா மேல விடியக்காலையில 17, 18. கேக்க சும்மா இருக்கும். ஆனா ஆறு மணி நேரம் ஏறி, பனியன் வேர்வையில ஊறி, அதோட ஏழாவது மலையில வரிசையில நின்னா, புல்வெளியில தடுப்பே இல்லாத காத்து அந்த ஈரத்து வழியா உடம்புச் சூட்டை உறிஞ்சிரும். சனிக்கிழமை ராத்திரிக் கூட்டத்துல அந்த வரிசை ஒரு மணி நேரம் நகராம நிக்கறதும் உண்டு. நடக்கும்போது குளிராது, நிக்கும்போதுதான் குளிரும்.

அதனால துணி விஷயத்துல ஒரே விதிதான்: ஏறறதுக்கு ஒண்ணு, நிக்கறதுக்கு ஒண்ணு. ஏறும்போது மெல்லிசான பாலியெஸ்டர் டி ஷர்ட், கால்ல சீக்கிரம் காயற டிராக் பேண்ட். ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா ரெண்டு மடங்கு கனம், மறுநாள் வரைக்கும் காயாது. பருத்தி வேட்டிதான் கட்டணும்னா மடிச்சுக் கட்டி, நனைஞ்சா மாத்த ஒண்ணு கூட வெச்சுக்குங்க. ஒரு காஞ்ச பனியன், ஒரு முழுக்கை ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா மூணையும் தண்ணி புகாத பையில போட்டுக் கட்டி, ஏழாவது மலைக்குக் கீழ வர்ற வரைக்கும் திறக்காதீங்க. அங்க வந்ததும் ஈர பனியனைக் கழட்டிட்டுக் காஞ்சதைப் போட்டு, அதுக்கு மேல ஸ்வெட்டர். ஈரத்துக்கு மேலயே ஸ்வெட்டர் மாட்டினா வேலைக்கு ஆகாது.

குடை வேண்டவே வேண்டாம். ஒரு கையில தடி, இன்னொரு கை பிடிமானத்துக்கு வேணும். அஞ்சாவது மலைக்கு மேல காத்து குடையை மல்லாத்திப் போட்டுரும். தலை வழியா மாட்டற போன்ச்சோ பையையும் சேர்த்து மூடும், உள்ள காத்தோட்டமும் இருக்கும். ஆனா காத்துல தூக்கும், படியிறங்கும்போது முன்பக்கம் தொங்கிக் காலை மறைக்கும். இடுப்புல ஒரு கயித்தைக் கட்டிட்டா ரெண்டும் சரியாயிரும். பைக் ஓட்டறவங்க போடற ரெயின்கோட்டோட மேல்சட்டை மட்டும் கொண்டு போனாலும் போதும். அதோட பேண்ட்டைப் போட்டு ஏறினா உள்ள வேர்த்தே நனைஞ்சிருவீங்க. ஒரு தடவை போட்டுட்டு வீசற மெல்லிசு பாலித்தீன் கோட்டு வேண்டாம், முள்ளுல பட்டா கிழியும், கிழிஞ்சது காட்டுலதான் கிடக்கும். அடிவாரத்துல பையைச் சோதிச்சு பிளாஸ்டிக்கை எடுத்துருவாங்கங்கறதையும் மனசுல வெச்சுக்குங்க. தண்ணி பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பிக் காட்டினா காசைத் தருவாங்க. எவர்சில்வர் பாட்டில் கொண்டு போனா அந்தத் தொல்லையே இல்லை. தின்பண்டத்தைத் துணிப்பையிலயோ டப்பாவுலயோ வெச்சுக்குங்க.

தடியை எடுக்கும்போது சித்த நேரம் நின்னு பார்த்து எடுங்க. உள்ளீடு கெட்டியா இருக்கற கல்மூங்கில் நல்லது. கணு நெருக்கமா இருக்கணும், அடிப்பக்கம் கணுவோட முடியணும். கணுவுக்கு நடுவுல வெட்டியிருந்தா பாறையில குத்திக் குத்திப் பிளந்துரும். நெடுக்குல கீறல் இருக்கான்னு கையால தடவிப் பாருங்க. தரையில ஒரு தட்டுத் தட்டினா நல்ல தடி 'டக்'குனு சொல்லும், கீறல் விட்டது 'சரக்'குனு சத்தம் போடும். நெஞ்சு உயரத்துக்கு இருக்கட்டும். ஏறும்போது நடுவுல பிடிச்சுக்கலாம், இறங்கும்போது முழு நீளமும் வேணும், ஒரு படி கீழ ஊனணுமில்லைங்களா.

டார்ச்சு தலையில மாட்டறது எடுங்க. ஆனா பனிமூட்டம் புடிச்சிச்சுன்னா தலை டார்ச்சே எதிரியாயிரும். வெளிச்சம் மூட்டத்துல பட்டுக் கண்ணுக்கு நேராத் திரும்பி வந்து, எதிர்ல வெள்ளைச் சுவராட்ட நிக்கும், கால் வைக்கற படியே தெரியாது. அப்ப அதைக் கழட்டி இடுப்புக்குக் கீழ பிடிச்சோ இடுப்புல கட்டியோ தரையைப் பார்த்து அடிங்க. வெளிச்சம் மூட்டத்துக்குக் கீழ போகும், படியோட நிழலும் விழும், ஆழம் புரியும். ஆளுக்கு ஒரு டார்ச்சு, நாலு பேருக்கும் சேர்த்து ஒரு செட் மாத்து பேட்டரி.

ஒதுங்க இடம் கேட்டிருந்தீங்க. முதல் மலை முடிவுல வெள்ளை விநாயகர் கோயில்கிட்ட நிக்கலாம். சீசன்ல வழியில அங்கங்க கடை போட்டிருப்பாங்க. ஆறாவது மலைப் பக்கம் சேத்திழைக் குகை இருக்குது, ஏழாவதுல பெரிய பாறைக்கு அடியிலயும் ஒதுங்கலாம்.

மேக்காலமலை

கல்மூங்கில் அண்ணா சொன்னதெல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் பிரிச்சுச் சொல்லணும். குகையிலயும் பாறைக்கு அடியிலயும் ஒதுங்கறது வெறும் மழைக்குச் சரி. இடிக்குத் தப்பு.

மின்னல் பாறை மேல விழுந்தா அங்கயே நின்னுராது. மின்சாரம் ஈரப்பாறையோட மேற்பரப்பு வழியா இறங்கித் தரைக்கு ஓடும். ஆழமில்லாத குகையோட வாசல்ல, மேல் உதட்டுல இருந்து கீழ் உதட்டுக்குத் தாண்டிக் குதிக்கும். வாசல்ல நிக்கற ஆள்தான் அதுக்குப் பாலம். சுவத்துல முதுகு சாய்ஞ்சு உட்கார்ந்தாலும் அதே கதி. ஆழமான குகைக்குள்ள சுவத்தைத் தொடாம நடுவுல உட்கார முடிஞ்சா சரி, அங்க அந்த அளவு இடம் கிடைக்காது, கூட்டம் வேற. தனியா நிக்கற மரத்துக்கு அடியிலயும் நிக்கக் கூடாது.

தம்பி 'எங்க திரும்பறது'ன்னு கேட்டாரே, அதுக்குப் பதில் இதுலதான் இருக்குது. இந்த மலையில முடிவெடுக்க ஒரே ஒரு இடம்: மரக்காடு முடிஞ்சு புல்வெளி தொடங்கற இடம். முதல் மூணு மலையும் படிக்கட்டு, சுத்தியும் மூங்கிலும் மரமும். மழை பெய்ஞ்சா நனைவீங்க, வழுக்கும், அவ்வளவுதான். நாலாவது தாண்டி வெட்டவெளி வந்துட்டா முகட்டுல உங்களைவிட உயரமா எதுவும் கிடையாது. அங்க இருந்து ஏழாவது வரைக்கும் போய்த் திரும்பி அதே இடத்துக்கு வர மூணு நாலு மணி நேரம் ஆகும். இடி வந்தா அந்த நேரம் பூரா ஓடி ஒளிய இடமில்லை. அதனால மரநிழல் முடியற இடத்துல பத்து நிமிஷம் நின்னு மேக்கால பாருங்க.

பார்க்கறது எப்படின்னா, மின்னல் தெரிஞ்ச நொடியில இருந்து இடிச்சத்தம் கேக்கற வரைக்கும் எண்ணுங்க. மூணு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணறதுக்குள்ள சத்தம் வந்துட்டா மேகம் பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்குது, அடுத்த மின்னல் உங்க மேல விழற தூரம்தான். புல்வெளிக்குள்ள காலே வைக்காதீங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பொறவுதான் கிளம்பணும், நடுவுல ஒரு இடி கேட்டா முதல்ல இருந்து எண்ணணும். மின்னல் மட்டும் தெரியுது, எவ்வளவு நேரமானாலும் சத்தமே இல்லைன்னா அது கேரளப் பக்கம் வெகுதூரத்துல இருக்குது. உயரத்துல இருந்து பார்க்கறதால ராத்திரியில ரொம்பத் தூரத்து மின்னல்கூடத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து இறங்க வேண்டியதில்லை, கிட்ட வருதான்னு மட்டும் கவனிங்க.

சத்தத்துக்கு முன்னயே காத்து சொல்லிரும். வீசிக்கிட்டிருந்த காத்து திடீர்னு நின்னு, புழுக்கமா ஒரு இறுக்கம் புடிக்கும். அப்புறம் சில்லுனு ஒரு காத்து தள்ளிக்கிட்டு வரும், மண்வாசனையோட. அது பக்கத்துல கொட்டிக்கிட்டிருக்கற மழை கீழ தள்ளற காத்து. அது மூஞ்சியில பட்டா உங்களுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் இருக்குது. 'ஆஹா, நல்ல காத்து'ன்னு உட்கார்ந்துறக் கூடாது.

வெட்டவெளியிலயே மாட்டிக்கிட்டா: முகட்டை விட்டுச் சரிவுக்கு இறங்குங்க. ஒருத்தருக்கொருத்தர் பதினஞ்சு அடிக்குக் குறையாம விலகிக்குங்க. ஒரே எடத்துல கூடிக் கட்டிப் பிடிச்சு நிக்கறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. ஒரு மின்னல் அத்தனை பேரையும் சாய்ச்சிரும். பையைக் கீழ போட்டு, அதுமேல ரெண்டு காலையும் ஒட்டி வெச்சுக் குந்த வெச்சு உட்காருங்க. படுக்கக் கூடாது, கையைத் தரையில ஊனக் கூடாது. இது பாதுகாப்பு ஆயிராது, ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். யாராவது மின்னல் பட்டு விழுந்தா உடனே தொடலாம், உடம்புல கரண்ட் தங்காது. மூச்சு நின்னிருந்தா அங்கயே நெஞ்சை அமுக்க ஆரம்பிக்கணும்.

மழை விட்டதும் அவசரப்பட்டு இறங்காதீங்க. மழையிலதான் அடிபடும்னு நெனைக்கறோம், மழை விட்ட பொறவும் வழுக்கும். நாலாவது அஞ்சாவதுல மண்பாதை சேறாகியிருக்கும். ஆறாவதுல ஆண்டி சுனைக்கு இறங்கற சரிவுல முன்னாடி போனவங்க கால் பட்டு மண்ணு வழவழன்னு ஆயிரும், பாதையோட ஓரத்துல புல் இருக்கற பக்கம் மிதிங்க. படியில நடுப்பகுதி லட்சக்கணக்கான கால் பட்டு மழுங்கியிருக்கும், ஓரம் பாசி பிடிச்சிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல சொரசொரப்பா ஒரு கோடு ஓடும், அதுல கால் வெக்கணும். ஈர வேரை மிதிக்கவே கூடாது, பாசிப் பாறையைவிட மோசம். வழுக்குப்பாறைக்குப் பேரே அதுதான், செதுக்கியிருக்கற படியிலயே கால் இருக்கட்டும், குறுக்க இறங்காதீங்க. இறங்கும்போது உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பி, முதல்ல தடி, அப்புறம் கால்.

பெருந்துறைக்காரன்

இவ்வளவு விவரமா எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. குகை விஷயம் எங்களுக்குச் சுத்தமாத் தெரியாது. இன்னும் கொஞ்சம் கேக்கணும். அப்பா செருப்பில்லாம ஏறறதாத்தான் வேண்டியிருக்காரு. பிரஷர் மாத்திரை வேற சாப்பிடறாரு. அவரைக் கூட்டிக்கிட்டுப் போகலாமுங்களா? தண்ணி, சாப்பாடு எவ்வளவு எடுத்துக்கணும்? பெருந்துறையில இருந்து ரெண்டு பைக்குல வரலாம்னு பார்க்கறோம்.

சிறுவாணிச்சாரல்

அப்பாவை முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க. 'ஆறேழு மணி நேரம் படியேறப் போறாரு'ன்னு தெளிவாச் சொல்லிக் கேளுங்க, 'கோயிலுக்குப் போறோம்'னு சொன்னா அவங்க வேற மாதிரி நெனைச்சுக்குவாங்க. ஈசிஜி எடுக்கச் சொன்னா எடுத்துருங்க. பிரஷர் மாத்திரையில சிலது ஒண்ணுக்கு அதிகமாப் போக வைக்கறது, சிலது இதயத் துடிப்பை ஏற விடாம பிடிக்கறது. முதல் வகைன்னா வேர்வையோட சேர்ந்து உடம்பு சீக்கிரம் வறண்டு போகும். ரெண்டாவது வகைன்னா சீக்கிரம் களைச்சுப் போவாரு. எந்த வகைன்னு கேட்டுக்குங்க, ஆனா அன்னிக்கு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. இந்த மலையில மூச்சுத் திணறியும் நெஞ்சு வலிச்சும் உயிர் போனவங்க உண்டு. அதை மனசுல வெச்சுத்தான் சொல்றேன்.

கூட்டிக்கிட்டுப் போறதுன்னா, வேகத்தை அவருதான் வைக்கணும். முதல் மலைதான் சோதனை. செங்குத்தான படி, உயரம் ஒண்ணுக்கொண்ணு சமமே இல்லாம இருக்கும். ஏறிக்கிட்டே முழுசா ஒரு வாக்கியம் பேச முடியணும். ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினா வேகம் அதிகம். 20 நிமிஷம் நடந்தா 3 நிமிஷம் நின்னுட்டு நடங்க. அரை மணி நேரம் உட்கார்ந்தா உடம்பு ஆறிப் போய் முழங்கால் பிடிச்சுக்கும். வெள்ளை விநாயகர்கிட்ட வந்து பத்து நிமிஷம் நின்ன பொறவும் படபடப்பு அடங்கலை, நெஞ்சுல அமுக்கறாப்ல இருக்குது, இடது தோள் வலிக்குதுன்னு எதையாவது சொன்னா அங்கயே திரும்பிருங்க. கூட ஒருத்தர் இறங்கணும்னு அடிவாரத்துலயே பேசி வெச்சுக்குங்க. மேல போய் 'யார் இறங்கறது'ன்னு தடுமாறறதுலதான் நேரம் போகும். அடிவாரத்துல மருத்துவ முகாம் போட்டிருந்தா ஏறும் முன்ன ஒருக்கா பிரஷரைப் பார்த்துக்கலாம்.

வெறுங்கால் நேர்த்திக்கடனைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஈரப் பாறையில பழகின வெறுங்கால் நல்லாவே பிடிக்கும். பழகாத காலுக்குத்தான் சிரமம், அதுலயும் இறக்கத்துலதான் தெரியும். பத்து மணிக்கு மேல வெயில்ல பாறை கொதிக்கும், கீழ் மூணு மலையில கூர்க்கல் குத்தும். கான்வாஸ் ஷூவோ, அடியில பட்டை பட்டையா வெட்டு இருக்கற ரப்பர் செருப்போ பையில இருக்கட்டும். சாமி கும்பிட்டு இறங்கும்போது போட்டுக்கிட்டா வேண்டுதலுக்கும் பங்கமில்லை. ஏறறதுக்குப் பத்து நாள் முன்ன இருந்து தினம் அரை மணி நேரம் சென்னிமலைப் படியில ஏறி இறங்கச் சொல்லுங்க, உங்களுக்குப் பக்கந்தானே. இறங்கறதுதான் முக்கியம், தொடையை அதுதான் பழக்கும்.

தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர் கணக்கு. அத்தனையும் தூக்கிக்கிட்டுப் போக வேண்டியதில்லை. பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, ஆண்டி சுனைன்னு வழியில இருக்குது. ஆனா மே மாசத்துல சுனையில நூலாட்டம்தான் வரும், கூட்டமும் நிக்கும். மழை பெய்ஞ்ச அன்னிக்குக் கலங்கியிருக்கும். அதனால ஆளுக்கு ரெண்டு லிட்டரோட கிளம்புங்க. வெறுந்தண்ணியாவே குடிச்சா உப்பு இறங்கிப் போய் கெண்டைக்கால் இழுக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதுல எழுதியிருக்கற அளவுத் தண்ணியில கரைச்சுக் குடிங்க. வீட்டுலயே கலக்கறதுன்னா ஒரு லிட்டருக்கு மட்டமா ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டிராதீங்க. பிரஷர் இருக்கறதால அப்பாவுக்கு எவ்வளவு குடுக்கலாம்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க.

ஏறறதுக்கு மூணு மணி நேரம் முன்ன அரிசிம்பருப்புச் சோறாட்ட ஏதாவது அளவாச் சாப்பிட்டுருங்க. வயிறு முட்டத் தின்னுட்டு உடனே ஏறினா முதல் மலையிலயே வாந்தி வரும். வழிக்குக் கச்சாயம் நல்லது, நாள்பட இருக்கும், ஒண்ணு தின்னா ஒரு மணி நேரம் தாங்கும். கடலை உருண்டை, பேரீச்சம்பழம் போதும். பசிக்கும் முன்னாடியே ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் வாயில போடுங்க. குளிர் தாங்கறதுக்கும் வயித்துல ஏதாவது இருக்கணும். நடுங்கிக்கிட்டிருந்தவரு நடுக்கம் நின்னு, பேச்சு குழறி, 'சித்த தூங்கறேன்'னு உட்கார்ந்தாருன்னா குளிர் உள்ள போயிருச்சுன்னு அர்த்தம், சரியாயிருச்சுன்னு இல்லை. ஈரத்தைக் கழட்டி, காஞ்சதைப் போட்டு, காத்துக்கு மறைவா ரெண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து, இனிப்பா ஏதாவது குடுத்து, நடக்க முடிஞ்சதும் கீழ கூட்டிக்கிட்டு வாங்க. மேல போகக் கூடாது.

நொய்யல்கரை

பைக் வேண்டாமுங்க. ராத்திரி பூரா தூங்காம, பதினோரு மணி நேரம் ஏறி இறங்கிட்டு, கத்திரி வெயில்ல பெருந்துறை வரைக்கும் ஓட்டறது மலையைவிட ஆபத்து. பெருந்துறையில இருந்து பஸ்ஸுல கோயமுத்தூர் வந்து, காந்திபுரத்துல இருந்து பேரூர், ஆலாந்துறை, செம்மேடு வழியா பூண்டி பஸ் பிடிச்சிருங்க. பைக்குலதான் வருவேன்னா பொழுது இருக்கும்போதே பூண்டி வந்து சேருங்க. செம்மேட்டைத் தாண்டினா காட்டோரம், இருட்டினா யானை ரோட்டுக்கு வரும். பாதையிலயும் கூட்டத்தோடயே போங்க, மூட்டத்துல குறுக்குவழி தேடி ஒதுங்காதீங்க.

அன்னிக்கு மட்டும் இதைச் செய்யுங்க. மதியம் பஸ்ஸுல வரும்போது பேரூர் தாண்டினதும் மேக்கால மலையைப் பாருங்க. முகடு கோடு போட்டாப்ல தெரிஞ்சா நல்லது. வெள்ளையா தட்டையா மேகம் தொப்பி போட்டிருந்தா மேல மூட்டமும் காத்தும் இருக்கும், இடி இருக்கணும்னு இல்லை. காலிஃபிளவராட்ட மேல மேல கட்டி அடி கறுத்திருந்தா அன்னிக்குப் பொழுதோட இடி உண்டு. அப்பவும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. பூண்டியில சாமி கும்பிட்டுச் சாப்பிட்டுட்டு, அது கொட்டித் தீர்க்கற வரைக்கும் உட்கார்ந்திருங்க. கடைசி இடிக்கு அரை மணி நேரம் கழிச்சு, வானத்துல நட்சத்திரம் தெரிஞ்சா கிளம்புங்க. பன்னெண்டு மணியைத் தாண்டியும் இடி நிக்கலைன்னா, அது நின்ன பொறவு வெள்ளை விநாயகர் வரைக்கும் மட்டும் போய்ட்டு வாங்க, ஏழாவதுக்கு வேண்டாம். பன்னெண்டுக்கு மேல கிளம்பினா இறங்கும்போது மறுநாள் மேகம் கட்ட ஆரம்பிச்சிருக்கும், அதுவும் அப்பாவோட வேகத்துல.

சனிக்கிழமைக்குப் பதிலா வாரநாள்ல ஒரு ராத்திரி கிடைச்சா அதுக்கே மாத்திக்குங்க. சித்ரா பௌர்ணமியை ஒட்டின நாளும் வேண்டாம். கூட்டம் கம்மின்னா ஏழாவது மலை வரிசையில ஈரத்தோட நிக்க வேண்டியதில்லை, திரும்பணும்னு முடிவெடுத்தாலும் படியில இறங்க இடம் கிடைக்கும்.